பதிவு செய்யாத படத்துக்கும் உரிமை உண்டு

பருத்தித்துறைப் பக்கமிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் ஒரு ஸ்ரூடியோவில் வேலை. மற்ற நாட்களில் விடியமுன் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார். வள்ளம் கரைக்கு வருவது, வலையில் மீன் கழற்றுவது, ஏலம், கருவாடு காயப்போடும் பெண்கள் என்று அன்றாடம் நடப்பதை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். சூடை மீன் குவியலுக்கு மேலே குனிந்து, விரலை உயர்த்தி ஏலம் கேட்கும் ஓர் அம்மாவின் படத்தை பேஸ்புக்கில் போட்டார். சில மாதம் கழித்து அந்தப் படம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. அவர்களின் விளம்பரத் துண்டுப் பிரசுரத்திலும் அதே படம். போய்க் கேட்டதற்கு, "பேஸ்புக்கில கிடந்த படம்தானே தம்பி, அது பொது" என்று பதில் வந்திருக்கிறது. இதற்கிடையில் ஒருவர் வந்து, 18,000 ரூபா தந்தால் படத்துக்குப் பதிப்புரிமை பதிவு செய்து தருகிறேன், பிறகு நட்டஈடு வாங்குவது என் பொறுப்பு, வருவதில் பாதி எனக்கு என்கிறாராம். வாசகரின் கேள்வி இதுதான்: "நான் பதிவு செய்யவில்லை. படத்தை ஊருக்கே காட்டிவிட்டேன். கமராவும் ஸ்ரூடியோ முதலாளியுடையது. என் உரிமை போய்விட்டதா?"

போகவில்லை. அந்த 18,000 ரூபாவைக் கொடுக்கவும் வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன் இதை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அவசரமாகவே எழுதுகிறேன்.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு புகைப்படம் உருவான அந்தக் கணத்திலேயே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. பதிவு தேவையில்லை, முத்திரை தேவையில்லை, படத்தின் மூலையில் பெயர் போடுவதுகூடக் கட்டாயமில்லை. நீங்கள் விசையை அழுத்தினீர்கள், படம் உங்களுடையது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 70 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை இருக்கும். நாளைக்கு உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் அதில் பங்குண்டு.

பேஸ்புக்கில் போட்டதால் எதுவும் பொதுவாகிவிடாது. அந்த நிறுவனத்துக்கு உங்கள் படத்தைத் தன் சேவைகளில் பாவிப்பதற்கான அனுமதியைக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். உரிமையாளர் நீங்கள்தான் என்று அவர்களின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. அந்த அனுமதி ஹோட்டல்காரருக்குப் போகாது. முற்றத்தில் காயப்போட்ட சேலையை ஊரே பார்க்கலாம். அதற்காக எடுத்து உடுத்த முடியுமா?

இனி அந்தப் "பதிவு" விஷயம். என்னை உண்மையாகவே கோபப்படுத்துவது இதுதான். இலங்கையில் புகைப்படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு என்ற ஒரு நடைமுறையே இல்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறியைப் பதிவு செய்யும், புதுக் கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமையைப் பதிவு செய்யும், கைத்தொழில் வடிவமைப்பைப் பதிவு செய்யும். பதிப்புரிமைக்கு அங்கே பதிவேடு கிடையாது. அப்படியென்றால் அந்த மனிதர் உங்களுக்கு எதைத் தரப்போகிறார்? நான் பார்த்த "சான்றிதழ்கள்" எல்லாம் ஏதோ ஓர் இணையத்தளத்தில் காசு கட்டி எடுத்த, தங்க நிறக் கரை போட்ட கடதாசிகள். நீதிமன்றத்தில் அதைக் காட்டினால் உங்கள் உரிமை ஓர் அங்குலம்கூட அதிகரிக்காது. இவர்கள் குறிவைப்பதும் கரையோரத்துப் பிள்ளைகளைத்தான். படித்த அண்ணன் ஒருவர் ஆங்கிலத்தில் பத்திரம் நீட்டினால் நம்பிவிடுவார்கள் என்ற கணக்கு.

இன்னொரு வகைத் தரகர் இருக்கிறார், இவரைவிட மோசம். சில வருடங்களுக்கு முன் குருநகரைச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தார். கலண்டருக்குப் படம் வேண்டும் என்று ஒருவர் வந்து, 5,000 ரூபா கையில் கொடுத்து, ஒரு பக்கம் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். நான் அதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இணைப்பில் உள்ள எல்லாப் படங்களினதும் எல்லாப் பொருளாதார உரிமைகளையும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாகக் கையளிக்கிறேன்." இணைப்பு என்று சொன்னது ஒரு பென் டிரைவ். அதற்குள் இருந்தவை முந்நூறுக்கும் மேல். கலண்டருக்குப் பன்னிரண்டு படம் கொடுப்பதாக அவர் நினைத்தார். மூன்று வருட விடியற்காலைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். தன் படத்தைத் தானே விற்க முடியாது. இரண்டு பேரும் ஒப்பமிட்ட பத்திரம், உடைப்பது மிகக் கடினம். கடைசியில் எங்களால் மீட்க முடிந்தது அவர் பெயரை மட்டும்தான். ஏனென்றால் படத்தை விற்றுக் காசு பார்க்கும் பொருளாதார உரிமை கைமாறினாலும், ஆக்கியவரின் பெயர் படத்தோடு வரவேண்டும் என்ற தார்மீக உரிமையை உயிரோடிருக்கும் வரை எவருக்கும் மாற்ற முடியாது. சட்டம் அந்த ஒன்றையாவது விட்டு வைத்திருக்கிறது.

ஆகவே தம்பி, உங்கள் உரிமையை உங்களிடமிருந்து எடுக்கக்கூடியது உங்கள் கையெழுத்துத்தான். உரிமையைக் கையளிப்பதென்றாலும், பாவிக்க அனுமதி கொடுப்பதென்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஹோட்டலிடம் அப்படி எதுவும் இல்லை. உங்களுக்கு அதுவே பெரிய பலம். அதைக் கெடுத்துவிடாதீர்கள். இப்போது அவர்கள் வட்ஸ்அப்பில், "தம்பி, படம் இருக்கட்டும்தானே?" என்று கேட்டால், மரியாதைக்காக "ஓம் அண்ணா, பரவாயில்லை" என்று போட்டுவிடாதீர்கள். இலத்திரனியல் செய்தியும் எழுத்துத்தான் என்று வாதாட 2006 ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் சட்டம் இருக்கிறது. போட்டிகளிலும் கவனம். "அனுப்பும் படங்கள் யாவும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம்" என்று விதியின் அடியில் ஒரு வரி இருக்கும். பரிசு மூன்று பேருக்கு, படங்கள் முந்நூறு பேருடையது.

சரி, கமரா முதலாளியுடையது என்ற பயத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, ஆளுக்கு ஆள் அதைப் பிழையாகச் சொல்கிறார்கள். கமரா யாருடையது என்பது கேள்வியே அல்ல. இரவல் பேனாவால் கவிதை எழுதினால் கவிதை பேனாக்காரருக்குப் போகாது. சட்டம் பார்ப்பது வேறொன்றை: நீங்கள் ஒருவரிடம் வேலைக்கு இருந்து, அந்த வேலையின் போக்கில் எடுத்த படமா என்பதை. அப்படியென்றால் பொருளாதார உரிமை தொடக்கத்திலிருந்தே முதலாளிக்குரியது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய.

இதை உங்கள் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். முதலாளி உங்களைக் கலியாண வீட்டுக்கு அனுப்புகிறார். அங்கே எடுத்த படங்கள் ஸ்ரூடியோவுடையவை. வேலையில்லாத நாளில், அவர் கமராவை வாங்கிக்கொண்டு நீங்களாகக் கடற்கரைக்குப் போனீர்கள். அந்தப் படங்கள் உங்களுடையவை. கஷ்டம் நடுவில்தான். கலியாண வீட்டுக்குப் போகிற வழியில், ஸ்ரூடியோ வானை நிறுத்தச் சொல்லி, கரையில் இழுத்து வைத்த வள்ளங்களை எடுத்தீர்கள் என்று வையுங்கள். வேலை நேரம், ஆனால் வேலை அதுவல்ல. நான் உங்கள் பக்கம் வாதாடுவேன். ஆனால் வெல்வேன் என்று வாக்குத் தரமாட்டேன். ஸ்ரூடியோவின் பேஸ்புக் பக்கத்துக்கு ஊர்க் காட்சி எடுத்துப் போடுவதும் உங்கள் வேலையில் ஒன்று என்றால் நிலைமை இன்னும் மோசம். அப்போது ஏலப் படமே வேலையின் போக்கில் எடுத்ததாகிவிடலாம். எனவே மூன்றைப் பாருங்கள்: அன்று உங்களுக்கு வேலை நாளா, அந்த இடத்துக்குப் போகச் சொன்னது யார், நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது. நியமனக் கடிதமே இல்லை என்பீர்கள், எனக்குத் தெரியும். இங்கே பாதி ஸ்ரூடியோக்களில் வாய்ப்பேச்சுத்தான். அப்படியென்றால் முதலாளியோடு இருந்து பேசி, "வேலை நாளல்லாத நாட்களில் நான் எடுக்கும் படங்கள் என்னுடையவை" என்று இரண்டு வரி எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். நல்ல முதலாளி தயங்கமாட்டார். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் ஹோட்டலோடு மோதும்போது அவர்கள் முதலில் போய்ப் பேசுவது உங்கள் முதலாளியிடம்தான்.

அடுத்தது அத்தாட்சி. உங்கள் கடிதத்தோடு இரண்டு படங்கள் இணைத்திருந்தீர்கள்: உங்கள் மூலப் படமும், ஹோட்டல் சுவரை நீங்கள் போனில் எடுத்ததும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களுடையதில் இடது ஓரத்தில் நீல வள்ளத்தின் முன்பக்கமான அணியமும், அதில் பதிவு இலக்கத்தின் கடைசி மூன்று எண்களும் இருக்கின்றன. ஹோட்டல் படத்தில் அது வெட்டப்பட்டு, அணியத்தின் நுனி மாத்திரம் ஒரு நீல முக்கோணமாக நிற்கிறது. வெட்டியவனிடம் வெட்டிய துண்டு இராது. முழுப்படம் இருப்பவனே எடுத்தவன். அதைவிட நல்லது இன்னொன்று. அன்று காலை நீங்கள் ஒரு படத்தோடு வந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முந்திய படத்தில் யாரோ ஒருவரின் முழங்கை மறைத்திருக்கும், அடுத்ததில் அந்த அம்மா விரலைக் கீழே விட்டிருப்பார், அதற்கடுத்ததில் காகம் வந்து மீன் கொத்தியிருக்கும். உதவாது என்று நீங்கள் அழிக்க நினைக்கும் அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சிகள். வரிசை இலக்கத்தோடு, நேரத்தோடு அப்படியே வைத்திருங்கள். கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, திகதி, கமரா விபரம் எல்லாம் கழன்றுவிடும். எனக்கு அனுப்புவதென்றாலும் 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள். துண்டுப் பிரசுரத்தில் ஒன்றை எடுத்து வையுங்கள், கிடைத்த திகதியைப் பின்பக்கம் எழுதுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குச் சொந்தம் அந்தப் படம், காட்சி அல்ல. நாளைக்கு ஹோட்டல் வேறொருவரை அனுப்பி, அதே இடத்தில் அதே அம்மாவை எடுத்தால் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

இனி எங்கே போவது? முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்குச் சட்டத்தரணிகூடத் தேவையில்லை. பல விஷயம் அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பிக்கலாம். உரிமை மீறல் பற்றி அவர் விசாரித்துத் தீர்மானிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, வழக்கைவிடச் செலவு குறைவு. பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தெரிவிக்க எவரும் மெனக்கெடவுமில்லை. அதற்கும் மேலே போனால் வணிக மேல் நீதிமன்றம். இரண்டும் கொழும்பில். வாரத்தில் மூன்று நாள் சம்பளக்காரர் ஒருவர், ஒரு படத்துக்காக ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய், தவணை போட்டால் திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். 2003 இல் வந்த சட்டம். இத்தனை வருடத்தில் வடக்கில் மாதம் ஒரு நாளாவது வந்திருந்து விசாரிக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கலாம். காகிதத்தில் உள்ள உரிமை பஸ் காசில் தோற்றுப் போகிறது. தரகர்கள் பிழைப்பதும் அந்த இடைவெளியில்தான். உரிமையை வேண்டுமென்றே மீறினால் அது குற்றமும்கூட. நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை தண்டம் விதிக்கலாம். கடிதத்தில் அதை மிரட்டலாக எழுதாதீர்கள், தேவையில்லை.

அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். தன் முகம் ஒரு ஹோட்டல் சுவரில் இருப்பது அவருக்குத் தெரியுமா? ஏலத்தில் நின்றவரை எடுப்பது வேறு, அவர் முகம் சோறு விற்கும் விளம்பரமாவது வேறு. போய்ச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், அவருக்கு விருப்பமில்லை என்றால் கடிதத்தில் காசு கேட்கும் வரியை வெட்டிவிட்டு, படத்தை அகற்றச் சொல்லும் வரியை மட்டும் வையுங்கள். விருப்பமென்றால் கிடைப்பதில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். இனிமேல் விளம்பரத்துக்குப் படம் கொடுப்பதென்றால் படத்திலிருப்பவரின் சம்மதத்தையும் தமிழில் எழுதி வாங்குங்கள்.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

"தங்கள் ஹோட்டல் சுவரிலும் துண்டுப் பிரசுரத்திலும் உள்ள மீன் ஏலப் படம் என்னால் எடுக்கப்பட்டது. மூலக் கோப்பும் அதே வேளையில் எடுத்த ஏனைய படங்களும் என்னிடம் உள்ளன. அதைப் பாவிக்க நான் எவருக்கும் எழுத்தில் அனுமதி வழங்கவில்லை. 14 நாட்களுக்குள் எனது பெயரைப் படத்துடன் இட்டு, பாவனைக்குரிய கட்டணத்தைச் செலுத்தவும். அல்லது படத்தை இரு இடங்களிலிருந்தும் அகற்றி எழுத்தில் அறியத்தரவும்."

தமிழிலேயே அனுப்புங்கள், பதிவுத் தபாலில். தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.