மாத்திரைக்கு முன் கல்ச்சர்

சகோதரி, எட்டு மாதத்தில் நான்கு முறை சிறுநீர் எரிச்சல், ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிய அதே மாத்திரை, டாக்டரிடம் சொல்லக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கூச்சத்தில் நான் ஒன்றரை வருடத்தை வீணடித்தேன்.

ஆறு மாதத்தில் 2 முறை அல்லது ஓராண்டில் 3 முறை வந்தாலே மருத்துவர்கள் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்றாகக் கணக்கில் எடுப்பார்கள். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்த முறை எரிச்சல் தொடங்கியதும், மாத்திரையைத் தொடும் முன் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில்தான் தெரியும். என்னுடையது ஈ.கோலை, நான் விழுங்கிக்கொண்டிருந்த மருந்துக்கு அது அசையவே இல்லை!

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் வந்த தேதிகள், மருந்தின் பெயர், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், தாம்பத்திய உறவுக்குப் பிறகு வருகிறதா என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். வாய் வரவில்லையென்றால் தாளை அப்படியே நீட்டிவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படித்துவிட்டு, சர்க்கரை அளவும் ஸ்கேனும் எழுதிக்கொடுத்தார்.

மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அந்த வயதில் பலருக்குத் தொற்றைக் குறைக்கிறது.

காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவில் வலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ தாளெல்லாம் அப்புறம், அன்றைக்கே போய்விடுங்கள்.