தொழுநோயுடன் ஆண்ட நான்காம் பால்ட்வின்: கேள்வி பதில்

கேள்வி: சிலுவைப்போர்க் கால ஜெருசலேம் மன்னர் பால்ட்வினுக்குத் தொழுநோய் இருப்பது எப்படித் தெரிந்தது?

பதில்: விளையாட்டில். சிறுவர்கள் ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கீறி விளையாடினார்கள். மற்றவர்கள் வலியில் கத்த, இளவரசர் மட்டும் சும்மா இருந்தார். பொறுமைசாலி என்றுதான் அவருடைய ஆசிரியர், டயர் நகர வில்லியம், முதலில் நினைத்தார். விசாரித்த பிறகே வலது கை மரத்திருப்பது புரிந்தது. தொழுநோய்க் கிருமி தோலோடு நரம்பையும் தாக்கும்.

கேள்வி: வெள்ளி முகமூடி அணிந்திருந்தாரா?

பதில்: இல்லை. சமகாலக் குறிப்புகளில் முகமூடியே கிடையாது. அது திரைப்படம் தந்தது.

கேள்வி: அவருடைய நோய் பாவத்தின் தண்டனை என்கிறார்களே?

பதில்: போப் மூன்றாம் அலெக்சாண்டரும் அப்படித்தான் எழுதினார். 1873இல் மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். இனியும் சாபம், பாவம் என்று எழுதி அனுப்பாதீர்கள்.

கேள்வி: 1177இல் மோன்ட்கிசார் போரில் எகிப்து சுல்தான் சலாவுதீனை வென்றது ஜெருசலேம் பிரபு ரேனால்டு. பதினாறு வயது நோயாளியால் என்ன செய்திருக்க முடியும்?

பதில்: முதல் பாதியை ஏற்கிறேன். அரபு வரலாற்றாசிரியர்கள் ரேனால்டைத்தான் தளபதியாகக் காட்டுகிறார்கள். ஆனால் சலாவுதீன் பெரும் படையோடு வந்தபோது, கையில் இருந்த சிறு படையுடன் அஸ்கலான் கோட்டை நகருக்கு விரைந்தவர் மன்னர். அன்று அவரால் குதிரை ஏற முடிந்தது.

கேள்வி: குதிரையில் உட்கார்ந்திருப்பது போர் ஆகுமா? (அதே வாசகர்)

பதில்: மன்னர் களத்தில் நின்றால்தான் ஜெருசலேம் பிரபுக்கள் ஒன்றுகூடினார்கள், அதுவே அவருடைய பங்கு. 1179இல் சலாவுதீனிடம் தோற்றபோது குதிரையிலிருந்து விழுந்தவரால் மீண்டும் ஏற முடியவில்லை; ஒரு வீரர் முதுகில் சுமந்து காப்பாற்றினார். 1183இல் பார்வை மங்கி, கைகால் செயலிழந்த நிலையில், முற்றுகையிடப்பட்டிருந்த கெராக் கோட்டையை மீட்கப் பல்லக்கில் போனார். படை நெருங்கியதும் சலாவுதீன் பின்வாங்கினார். அங்கே வாளைச் சுழற்றியது யார் என்று கேட்பீர்களா?

கேள்வி: முகமூடி தங்கமா, வெள்ளியா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் கையில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு இருக்கிறது.

பதில்: தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோயாகவே இருந்தாலும் கூட்டு மருந்துச் சிகிச்சையில் குணமாகும்.

கேள்வி: நோய் தெரிந்தும் முடிசூட்டியது ஏன்?

பதில்: 1174இல் தந்தை அமால்ரிக் இறந்தபோது பால்ட்வினுக்கு வயது 13, ஒரே மகன். நோய் அப்போது சந்தேகம்தான், உறுதியாகவில்லை.

கேள்வி: 1187இல் ஹத்தின் போரில் ஜெருசலேம் படை சலாவுதீனிடம் தோற்றதற்கும் அவர்தானே காரணம்?

பதில்: 1185இலேயே இறந்துவிட்டார். மைத்துனர் கீயிடம் ஒப்படைத்த ஆட்சிப் பொறுப்பை 1183இல் அவரே பறித்தும்விட்டார். அந்தக் கீ அரசரானது இவர் மறைவுக்குப் பிறகு. கேள்வியை அங்கே கேளுங்கள்.