எருது விடுற தடத்துக்கு எலக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு: வாங்கி நாமளே மாட்டிடலாமா?

கேள்வி: "கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர் எருது விடுற தடத்துல நேரம் காட்டுற எல்இடி போர்டு ஒண்ணு நிரந்தரமா வைக்கலாம்னு குழுவுல பேசிட்டு இருக்கோம். ஆன்லைன்ல வாங்கி நாங்களே மாட்டிக்கலாமா? பராமரிப்புன்னு இதுக்கு தனியா ஆள் எல்லாம் தேவையா?"

மாட்டலாங்க, தாராளமா மாட்டலாம். நாலு தூண், ஒரு வெல்டர், ஒரு வயரிங் தெரிஞ்ச பையன் இருந்தா போர்டு மேல ஏறிடும். ஆனா ஒவ்வொரு மாடும் தடத்தை ஓடி முடிக்க எடுத்த நேரம்னு அதுல வர்ற நம்பரை, ஊரே சுத்தி நின்னு கத்தும்போது, "இது சரிதான்"னு சொல்லி நிக்க முடியுமா? வேலையே அங்கதான் இருக்கு. அதனாலதான் "ஆள் எல்லாம் தேவையா"ன்னு நீங்க கேட்டது எனக்கு சுருக்குனு இருந்துச்சு. கிருஷ்ணகிரில கடை வெச்சு இதே தொழில் பண்றவன் நான், தை பொறந்தா பங்குனி வரைக்கும் தடம் தடமா சென்சாரும் கேபிளும் தூக்கிட்டு திரியறவன்.

உங்க நிலைமை எனக்கு புரியுது. வீட்டுக்கு வீடு வசூல் பண்ணின காசு, பெங்களூர்லயும் ஓசூர்லயும் வேலைக்கு போன பசங்க கொஞ்சம் சேத்து போட்டிருப்பாங்க, அதுல ஒருத்தன் போன்ல காட்டி "இதே போர்டு பாதி விலைக்கு இருக்குது"ன்னு சொல்லிருப்பான். அவன் சொல்றதுல பொய் இல்ல. போர்டு விலை அதேதான். மத்தது எல்லாம் அந்த விலைல வராது. வியாபாரத்துக்காக இழுக்கறான்னு நினைக்கறவங்க நினைச்சுக்கோங்க, கீழ எழுதறதை வெச்சு வேற யார்கிட்ட வேணா வேலை குடுங்க, எனக்கு சந்தோஷம்தான்.

எருது விடுறதே தப்புன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கும் முதல்லயே சொல்லிடறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு தமிழ்நாடு கொண்டுவந்த 2017 திருத்தத்துல ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு கூட எருது விடும் விழாவும் சேத்துதான் இருக்கு, 2023 மே மாசம் உச்ச நீதிமன்றமும் அதை செல்லும்னு சொல்லிடுச்சு. கலெக்டர் ஆபீஸ் அனுமதி, டாக்டர் பரிசோதனை, ரெண்டு பக்கமும் தடுப்பு எல்லாம் இருக்கற விழாவைப் பத்திதான் பேசறேன்.

முதல்ல போர்டை மறந்துடுங்க, சென்சாரை யோசிங்க. ஒரு மாடு நூறு மீட்டரை பத்து செகண்டுல ஓடுதுன்னு வெச்சுக்கோங்க, அப்படின்னா ஒரு செகண்டுக்கு பத்து மீட்டர். போர்டுல கடைசியா வர்ற நம்பர் நூத்துல ஒரு பங்கு செகண்டு, அதுக்குள்ள மாடு பத்து சென்டிமீட்டர் போயிடுது. கைல ஸ்டாப் வாட்ச் வெச்சு அமுக்கற ஆளுக்கு கண்ணு பாத்து விரல் அமுங்கவே 0.2 செகண்டு ஆகும், அதுல ரெண்டு மீட்டர் போச்சு. அதனாலதான் ஊருக்கு ஊரு பீம் சென்சாருக்கு மாறுனாங்க. ஒரு பக்கம் அனுப்பற சென்சார், எதிர்ப்பக்கம் வாங்கற சென்சார், நடுவுல போற வெளிச்சத்தை மாடு வெட்டுனா வாடிவாசல்ல கிளாக் ஓட ஆரம்பிக்கும், எல்லைக் கோட்டுல நிக்கும்.

இதுல என்ன தப்பு வரும்னா, தடம் வடக்கு தெற்கா இருந்தா பீம் கிழக்கு மேற்கா போகும். விழா பெரும்பாலும் காலைல நடக்கறதால வாங்கற சென்சார் கிழக்கைப் பாத்து இருந்துச்சுன்னா வெயில் நேரா அதோட கண்ணுல அடிக்கும். மாடே வராம பீம் வெட்டுன மாதிரி காட்டும், இல்லன்னா மாடு வந்தும் தெரியாது. வாங்கறதை கிழக்குப் பக்கத்து தூண்ல கட்டி மேற்கைப் பாக்க வெச்சுட்டா வெயில் அதுக்கு முதுகுப் பக்கம் போயிடும். சும்மா மாத்தி கட்டறதுதான், காசு ஒரு பைசா இல்ல. இதைக்கூட பாக்காம வெளியூர்லருந்து வந்த ஒரு பார்ட்டி ஒரு ஊர்ல மாட்டிட்டு போய், அன்னைக்கு விழாவே பாதில நின்னுச்சு.

அடுத்தது பசங்க. எல்லைக் கோட்டுக்கிட்ட தடுப்புக்கு மேல கை நீட்டாத பையனே கிடையாது, யாரோ துண்டை வீசுனாலும் பீம் வெட்டிடும், கிளாக் நின்னுடும். நான் எல்லைல ரெண்டு பீம் வைப்பேன், ஒரு மீட்டர் முன்ன பின்ன. மாட்டோட உடம்பு நீளம், ரெண்டையும் ஒரே நேரத்துல மறைக்கும், ஒரு ஆளோட கையோ காலோ மறைக்காது. ரெண்டும் சேந்து மறைஞ்சாதான் நேரம் நிக்கணும்னு ப்ரோக்ராம்ல போட்டுடுவேன், மாடு விட்ட முதல் சில செகண்டு எல்லை பீமைக் கணக்குலயே எடுக்கக்கூடாதுன்னும் போட்டுடுவேன். உயரம் மாட்டோட நெஞ்சு மட்டம். மேல வெச்சா ஒரு மாட்டுக்கு கொம்பு வெட்டும், இன்னொரு மாடு தலையைக் குனிஞ்சு வந்தா திமில் வெட்டும், கணக்கு போயிடும்.

பர்கூர் தாண்டி ஒரு ஊர்ல நடந்ததை சொல்லியே ஆகணும், ஊர் பேர் வேணாம். முதல் பரிசுக்கு ரெண்டு மாட்டுக்கு நடுவுல நூத்துல சில பங்குதான் வித்தியாசம். தோத்த மாட்டுக்காரர் வயசானவர், மாட்டை புள்ள மாதிரி வளக்கறவர், அவரோட பேரன் போர்டை போன்ல வீடியோ எடுத்து வெச்சிருந்தான். அந்த வீடியோல நிறுத்திப் பாத்தா போர்டுல 8 இருக்கற இடத்துல 3 மாதிரி தெரியுது. அவ்ளோதான், கூட்டம் என்னைச் சுத்திக்கிச்சு. பெரியவர் என் தோளைப் பிடிச்சு "ஏம்ப்பா, உன் மிஷினும் காசு வாங்குமா?"ன்னு கேட்டார். எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

நான் சத்தம் போடல. "ஐயா, நீங்களே வாங்க, பேரனையும் கூட்டிட்டு வாங்க"ன்னு போர்டுக்கு கீழ கூட்டிட்டுப் போய், எல்லா டிஜிட்டும் 8 வர்ற மாதிரி டெஸ்ட் போட்டேன். "கண்ணால பாருங்க, நாலு எட்டு முழுசா தெரியுதா?" "தெரியுது." "இப்ப போன்ல எடுங்க." எடுத்தான். போன் ஸ்க்ரீன்ல கருப்பு கோடு ஓடுது, ஒரு எட்டு மூணு மாதிரி தெரியுது, இன்னொரு எட்டு அஞ்சு மாதிரி தெரியுது. விஷயம் என்னன்னா பி10 மாட்யூல், அதாவது போர்டுல சேத்து அடுக்கற எல்இடி பலகைத் துண்டு, எல்லா வரிசையையும் ஒரே நேரத்துல எரிக்காது, நாலு பங்கா பிரிச்சு மாத்தி மாத்தி வேகமா எரிக்கும், நம்ம கண்ணுக்கு மொத்தமா தெரியும், கேமரா வேகமா படம் புடிக்கறதால அணைஞ்ச வரிசை கருப்பா விழும். அப்புறம் கன்ட்ரோலர்ல, அதாவது சென்சார் சொல்றதை வாங்கி நேரம் கணக்குப் போடற பெட்டில, பதிவான நேரத்தையும், எல்லைக் கோட்டுக்கு நேரா நான் ஸ்டாண்டுல வெச்சிருந்த கேமராவோட ஸ்லோமோஷனையும் காட்டுனேன். பெரியவர் ரெண்டு தரம் பாத்துட்டு, "மாடு ஓடிச்சுப்பா, அது போதும்"னுட்டு போயிட்டார். அன்னைக்கு என் கூட அந்த கேமரா இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. "ஆள் தேவையா"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதான்.

சரி, போர்டுக்கு வர்றேன். ஒரு பி10 மாட்யூல் 32 சென்டிமீட்டர் அகலம், 16 உயரம். ரெண்டை மேல கீழ அடுக்கினா எழுத்து ஒரு அடிக்கு மேல வரும், நூறு மீட்டர் தள்ளி நிக்கறவங்க படிக்க இதுக்கு கம்மியா போகாதீங்க. வாங்கும்போது வெளியில வைக்கற வகையான்னு கேட்டு வாங்குங்க, பாதி பேர் உள்ள வைக்கறதையே கண்ணாடி போட்டு வித்துடறாங்க, வெயில்ல ஒண்ணும் தெரியாது. போர்டு முகம் வடக்கையோ தெற்கையோ பாத்தா நல்லது.

கரண்டு விஷயத்துலதான் நிறைய போர்டு சாகுது. மாட்யூல் ஓடறது 5 வோல்ட்ல, முழுசா எரிஞ்சா ஒண்ணு 4 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். பத்து மாட்யூலுக்கு 40 ஆம்ப் சரியா போச்சுன்னு அதே அளவு எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 5 வோல்ட்டா மாத்தற பவர் சப்ளை) போடாதீங்க, நம்ம ஊரு வெயில்ல மூடுன டப்பாக்குள்ள அது முழு சக்தி தராது, 60 போடுங்க. எஸ்எம்பிஎஸ்ஸை கீழ வெச்சுட்டு 5 வோல்ட்டை நீள வயர்ல மேல ஏத்துனா வழிலயே வோல்ட் விழுந்துடும், கடைசி மாட்யூல் மங்கலா எரியும். 230 ஆவே மேல கொண்டு போங்க, கீழ எம்சிபி (லோடு ஏறுனா கட் ஆகறது), ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா கட் ஆகறது), சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர்னு எகிற வோல்ட்டைத் தடுக்கறது), தனி எர்த். எர்த்துன்னா கம்பியை மண்ணுல சொருகறது இல்ல, குழி எடுத்து கரி உப்பு போட்டு பைப் இறக்கணும். விழா அன்னைக்கு மைக் செட்டுக்காரரோட ஜெனரேட்டர்லயே போர்டையும் மாட்டச் சொல்லுவாங்க, அவசரத்துல முறுக்கிவிட்ட நியூட்ரல் லூஸாச்சுன்னா 230க்கு பதிலா 400 வோல்ட் வந்து நிக்கும், அத்தனை எஸ்எம்பிஎஸ்ஸும் டப் டப்னு போயிடும். கண்ணால பாத்திருக்கேன். சென்சாருக்கும் கன்ட்ரோலருக்கும் ஆன்லைன் யுபிஎஸ், அதாவது கரண்டு போனாலும் இடைவெளி விடாம பேட்டரில ஓட்டறது, தனியா வெச்சுடுங்க.

வாடிவாசல்லருந்து போர்டுக்கு தகவல் கொண்டு போக ஆர்எஸ்-485 முறைல முறுக்கு கேபிள் இழுங்க, வைஃபை வேண்டவே வேண்டாம், ஆயிரம் போன் ஒரே இடத்துல சேந்தா அது திணறும்.

காத்தை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. எட்டடிக்கு நாலடி போர்டுன்னா மூணு சதுர மீட்டர். 72 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா சுமார் 70 கிலோ தள்ளும், அதே காத்து 144 ஆச்சுன்னா நாலு மடங்கு, 290 கிலோ பக்கம் வரும். கோடைல மே மாசம் இங்க சாயங்காலம் அடிக்கற சூறைக்காத்துல மாங்கா மரமே சாயறது உங்களுக்குத் தெரியாததா. இந்த கணக்குக்கு மேல, போர்டு மாட்டுன மறுநாளே அந்த தூண்லயே பத்துக்கு பத்து ஃப்ளெக்ஸ் பேனர் கட்டிடுவாங்க, எந்தக் கட்சின்னு எல்லாம் இல்ல. குழுவுல ஒரு தீர்மானமே போட்டுடுங்க, அந்தத் தூண்ல பேனர் கட்டக்கூடாதுன்னு. தூணுக்கு குழி எடுக்கும்போது மூணடிலயே பாறை வந்துடும் நம்ம பக்கம், அதைப் பாத்துட்டு "போதும்பா"ன்னு கான்கிரீட் கொட்ட விடாம, பாறையைத் துளைச்சு ஆங்கர் போல்ட் இறக்கச் சொல்லுங்க.

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைல ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சே, ஏரி நிரம்பி ரோட்டுல நின்ன வண்டி எல்லாம் அடிச்சுட்டுப் போச்சே, அந்தப் பக்கம் ஒரு ஊர்ல நான் மாட்டுன போர்டு இருந்துச்சு. கன்ட்ரோல் பாக்ஸை கைக்கு எட்டற மாதிரி வைங்கன்னு குழுக்காரங்க ரொம்ப கேட்டாங்க, நான் ஒத்துக்கல, ஏழடி உயரத்துலதான் வெச்சேன், கேபிளை எல்லாம் கீழே ஒரு வளைவு விட்டு அடிப்பக்கமா உள்ள ஏத்திருந்தேன். தண்ணி வடிஞ்சப்புறம் போய்ப் பாத்தா தூண்ல இடுப்பு உயரத்துக்கு சேத்துக் கறை. பாக்ஸைத் திறந்தா உள்ள போட்ட சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸ் ஆயிருந்துச்சு, வேற ஒரு பொட்டு ஈரம் இல்ல. சுவிட்ச் போட்டேன், எரிஞ்சுச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் பரிசு வாங்குன மாட்டுக்காரருக்குக்கூட இருந்திருக்காது.

பராமரிப்புன்னா விழாவுக்கு முந்தின வாரம் துடைக்கறது இல்ல. மீதி மாசம் எல்லாம் அணைச்சே போட்டா ஈரம் உள்ள தங்கி, மாட்யூலை மாட்யூலோட இணைக்கற ரிப்பன் கேபிளோட முனை பச்சை பூத்துடும். வாரம் ஒரு தரம் அரை மணி நேரம் எரிய விடுங்க, சூட்டுல ஈரம் போயிடும். பின்பக்கம் காத்து போற ஓட்டைல எல்லாம் வலை அடிங்க, எறும்பும் பல்லியும் எஸ்எம்பிஎஸ் சூட்டுக்கு வந்து உள்ள குடித்தனம் பண்ணும், ஷார்ட் ஆகறது பாதி அதாலதான். மார்கழி தை பனில சென்சார் கண்ணாடி வேர்த்துக்கும், புழுதி அதுமேல ஒட்டிக்கும், விழா அன்னைக்கு நடு நடுவுல பஞ்சு துணியால துடைக்க ஒரு பையனை நிறுத்துங்க. போர்டு முகத்துக்கு மோட்டார் தண்ணி பீச்சாதீங்க, பிரஷ் போதும். கோளாறு வந்தா இப்படிப் பாருங்க: ஒரு மாட்யூல் மட்டும் மொத்தமா அணைஞ்சா பவர் வயர், ஒரு இடத்துலருந்து அதுக்கப்புறம் எல்லாமே போச்சுன்னா நடுவுல ரிப்பன், நாலு வரிசைக்கு ஒரு வரிசை எரியலன்னா மாட்யூல் பின்னாடி இருக்கற, வரிசையை மாத்தி மாத்தி எரிய வைக்கற 138 ஐசி, இல்லன்னா 4953 ஐசி.

ஸ்பேர் மாட்யூல் நாலஞ்சு போர்டு வாங்கும்போதே வாங்கி வெச்சுடுங்க, அப்புறம் வாங்குனா வேற லாட் வரும், வெளிச்சம் ஒத்துப் போகாது. அதுவும் அவசரத்துக்கு கிடைக்காது. இது கிருஷ்ணகிரிக்காரனோட வயித்தெரிச்சல், சம்பந்தம் இல்லன்னாலும் சொல்றேன். வெள்ளைக்காரன் காலத்துல திருப்பத்தூர்லருந்து இங்க வரைக்கும் சின்ன ரயில் ஓடுச்சு, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அதை நிறுத்திட்டாங்க. 2004ல தனி மாவட்டம் ஆச்சு, இன்னும் மாவட்டத் தலைநகருக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஜோலார்பேட்டை ஓசூர் பாதைன்னு பேசுவாங்க. ஒரு பார்சல் எடுக்க நான் ஓசூருக்கோ திருப்பத்தூருக்கோ வண்டி எடுத்துட்டு ஓடணும், கடையைப் பூட்டிட்டு. மாங்கா, புளி, கிரானைட்டுன்னு இங்கருந்து இவ்வளவு சரக்கு வெளிய போகுது, எல்லாம் லாரிதான். இதை யாராவது கேளுங்கப்பா.

உங்களுக்கு ஆள் வேணுமான்னா, மாச சம்பளத்துக்கு வேணாம். உங்க ஊர்ல ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிச்ச பையன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், மாட்டும்போது முழு நாளும் அவனைக் கூட நிக்க வைங்க, வயரிங் படத்தை அவன் கைலயே வரைய வெச்சு பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, வாரா வாரம் பாக்கறதுக்கு அவனுக்கு ஒரு தொகை குழுக் கணக்குலருந்து குடுங்க. சும்மா செய்டா தம்பின்னு சொல்லாதீங்க.

தடம் எவ்வளவு நீளம், எந்த திசைல ஓடுது, டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தூரம், இந்த மூணையும் கீழ எழுதுங்க. போர்டு எந்தப் பக்கம், எத்தனை மாட்யூல், கேபிள் எவ்வளவுன்னு நான் கணக்குப் போட்டுத் தர்றேன், யார்கிட்ட வாங்குனாலும் சரி.