ஒரே பாக்டீரியா, உறை இருந்தால் மட்டும் கொல்வது ஏன்?

பாக்டீரியாவின் மேல் உறைக்கும் அது நோய் உண்டாக்குவதற்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸை எடுத்துக்கொள்வோம்.

இதைச் சுற்றி சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான உறை இருக்கிறது. கிருமியை அடையாளம் காட்ட நம் ரத்தப் புரதங்கள் அதன் செல்சுவரில் ஒட்டினாலும் உறை அவற்றை மறைத்துவிடும். வெள்ளையணுக்களால் எளிதில் விழுங்க முடிவதில்லை.

1928-ல் பிரிட்டனைச் சேர்ந்த பிரெடரிக் கிரிஃபித் வெளியிட்ட சோதனையில், உறையுள்ள வகை எலிகளைக் கொன்றது, உறையற்றது கொல்லவில்லை. பெரிய வியப்பு அடுத்ததுதான்: வெப்பத்தால் கொன்ற உறையுள்ள கிருமியை, உயிருள்ள உறையற்ற கிருமியோடு கலந்து செலுத்தியபோதும் எலிகள் இறந்தன. அவற்றின் ரத்தத்தில் உறையோடு உயிருள்ள கிருமிகள் இருந்தன! உறை செய்யும் தகவல் கைமாறியிருந்தது. அதைச் சுமந்தது டிஎன்ஏ என்று 1944-ல் அமெரிக்காவில் ஆஸ்வால்ட் ஏவரி என்ற ஆய்வாளரின் குழு காட்டியது.

சரி, உறையையே குறிவைக்கலாமே? தடுப்பூசி செய்வது அதைத்தான். உறைமேல் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) ஒட்டினால் வெள்ளையணுவுக்குப் பிடி கிடைக்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் வெறும் சர்க்கரைக்கு நன்றாக எதிர்வினை காட்டாததால், அதைப் புரதத்தோடு இணைத்துப் போடுகிறார்கள். அப்புறம், உறையில் சுமார் 100 வகைகள் உண்டு. முக்கியமான சிலவற்றை மட்டுமே ஒரு தடுப்பூசியில் சேர்க்க முடிகிறது.