ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குப் பணம் வாங்குவது அதன் கொள்கைக்கு எதிரானதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு லைப்ரரியை (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பை) எழுதி, யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருக்கிறீர்கள், அதைப் பயன்படுத்தும் நிறுவனம் ஒன்று காசு தர முன்வந்திருக்கிறது, வாங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. தாராளமாக வாங்குங்கள்.

இந்தக் கொள்கைக்கு வித்திட்ட கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கி வைத்த ரிச்சர்ட் ஸ்டால்மனே 1980களின் நடுவில் தன் ஈமேக்ஸ் எடிட்டரைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். அவர் எழுதிய ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமம் காசு வாங்குவதை எங்கும் தடுக்கவில்லை. வாங்கியவரிடம் சோர்ஸ் கோடை மறைப்பதையும், அதை மாற்றவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது என்று அவரைக் கட்டிப்போடுவதையும்தான் தடுக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். அட்டவணைக் கோப்புகளைப் படிக்கும் சின்ன லைப்ரரி ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். ஒரு நாள் ஒரு நிறுவனத்துக்காரர் வந்து, "எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுகிறார்கள், இன்று மாலைக்குள் சரிசெய்யவும்" என்று இஷ்யூ (பிழைப் புகார்) போட்டார். நான் மரியாதையாகவே பதில் எழுதினேன்: பிழை உண்மைதான், வரிசையில் இருக்கிறது, அவசரம் என்றால் கட்டண ஆதரவு உண்டு. அவ்வளவுதான். "ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிவிட்டுக் காசு கேட்கிறீர்களே" என்று ஆரம்பித்தார். அதுவரை ஒரு வரி கோடுகூட அனுப்பாதவர்கள் எல்லாம் வந்து எனக்குப் பேராசை என்று எழுதினார்கள். உரிமத்திலேயே எந்த உத்தரவாதமும் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் வேறொரு சின்ன நிறுவனம் அதே பிழைக்குப் பணம் கொடுத்தது. திருத்தம் அடுத்த வெளியீட்டில் எல்லோருக்கும் போனது, சண்டை போட்டவருக்கும் சேர்த்துத்தான். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நான் விற்றது என் நேரத்தை. கோடு அப்போதும் எல்லோருடையதாகத்தான் இருந்தது.

பணம் வந்தால் திட்டத்தின் போக்கு மாறும் என்று இங்கே யாராவது சொல்வார்கள். மாறும்தான், நான் மறுக்கவில்லை. அடிப்படையை இலவசமாகத் தந்து கூடுதல் வசதிகளை விற்கும் நிறுவனங்களில், காசுக்கு விற்கும் வசதியை யாராவது இலவசமாக எழுதி அனுப்பினால் அதை ஏற்க அவர்களுக்கு மனம் வராது. ஆனால் பணமே வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, தகவலைக் குறியாக்கிப் பாதுகாக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திட்டத்தின் விஷயம் இன்னும் கொடுமை. சம்பளமில்லாமல் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டு களைத்துப்போயிருந்தவரை, வேகம் போதாது என்று போலிப் பெயர்களில் நச்சரித்தார்கள். உதவிக்கு வந்தது போல நுழைந்த ஆளே, பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய அதில் பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் தப்பித்தோம்.

என்னை உண்மையில் வலிக்கச் செய்தது வேறு. ஒரு நிறுவனம் நடத்திய திட்டத்துக்கு நான் இரவு இரவாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோடைச் சேர்க்கும் முன், அதை அவர்கள் விருப்பப்படி வேறு உரிமத்திலும் வெளியிட அனுமதிக்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு ஒரு காலையில் உரிமத்தை மாற்றிவிட்டார்கள். என் வரிகளும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டன. பெயர் சொல்ல விரும்பவில்லை. இப்படி உரிமம் மாற்றிய ஊரறிந்த திட்டங்களே போதுமான அளவு இருக்கின்றன: 2021-ல் எலாஸ்டிக்சர்ச், 2023-ல் டெராஃபார்ம், 2024-ல் ரெடிஸ். மூன்றுக்கும், பழைய திறந்த கோடிலிருந்து பிரிந்து வளரும் ஃபோர்க் பிறந்தது: ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கீ. கிளவுட் நிறுவனங்கள் எங்கள் உழைப்பில் சம்பாதிக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். அந்த ஆதங்கம் நியாயம்தான். ஆனால் சம்பளமில்லாமல் எழுதியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பாருங்கள். அதில் பெரும்பகுதியை எழுதுவது நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள்தான். ஆனாலும் எந்த நிறுவனமும் அதை மூட முடியாது. ஜிபிஎல் உரிமம், பதிப்புரிமையோ ஆயிரக்கணக்கானோர் கையில் சிதறிக் கிடக்கிறது. என் லைப்ரரியின் உரிமம் எல்ஜிபிஎல், அதாவது ஜிபிஎல்லின் சற்றுத் தளர்ந்த வடிவம். யாரிடமும் ஒப்பந்தம் வாங்குவதில்லை. பலருடைய கோடு சேர்ந்துவிட்டதால் இனி நானே நினைத்தாலும் தனியாக அதை மூட முடியாது. நீங்களும் எந்த உரிமம், ஒப்பந்தம் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் காசு வாங்குங்கள். ரெடிஸ் 2024 வரை வைத்திருந்தது போல, கோடை மூடிய மென்பொருளிலும் சேர்க்க விடும் பிஎஸ்டி உரிமம் என்றால் மூடுவதற்கு ஒப்பந்தம்கூடத் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேர்காணலில் "கிட்ஹப்பில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும் நிறுவனங்கள், வேலையில் சேர்ந்ததும் அந்த ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தருவதில்லை. சில இடங்களில் வீட்டில் நம் சொந்தக் கணினியில் எழுதுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதி வைக்கிறார்கள். நீங்கள் எங்காவது வேலையில் இருந்தால், அந்தப் பணத்தை வாங்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் எழுத்தில் விலக்கு கேளுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள்.