சைக்கிள் ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது. ஹேண்டில்பாரையும் பிரேக் லீவரையும் எப்படிச் சரிசெய்வது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போவதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது என்றால் லீவரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். தரைக்கு இணையாக நிற்கும் லீவர் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் விரலை நீட்டும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்கும்.

சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி கிரிப்பைப் பிடியுங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக வரும் இடத்தில் லீவர் இருக்கட்டும். பலருக்கு அது 30 முதல் 45 டிகிரி கீழ்ச்சாய்வு. லீவரை ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் லீவர் திரும்பும்; அதற்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போதும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, அழகுக்கு அது போதும். அப்புறம், முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள். வண்டி விழுந்தால் லீவர் திரும்பட்டும், ஒடிய வேண்டாம். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பழைய ராட் பிரேக் வண்டியில் இந்த வித்தை நடக்காது.

ஹேண்டிலை உயர்த்த, பழைய மாடலில் ஹேண்டிலைத் தாங்கும் தண்டின் மேல் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும். தண்டில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. நம் கடற்காற்றில் தண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். என்னுடையது இரண்டு நாள் எண்ணெய் குடித்த பிறகே அசைந்தது. திரும்பச் செருகும்போது கிரீஸ் தடவுங்கள். முடிந்ததும் முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே இடுக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். நழுவினால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.