வைட்டமின் சி குறைந்தால் பனிக்குடம் முன்கூட்டியே உடையுமா?

வாய்ப்பு கூடலாம், ஆனால் அது மட்டுமே காரணமாக இருப்பது அரிது. பனிக்குடச் சவ்வுக்கு வலுத் தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் மூன்று இழைகளும் கயிறுபோல முறுக்கி நிற்க உதவும் நொதிகளில் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பது வைட்டமின் சி. அது போதாவிட்டால் புதிதாக உருவாகும் இழை நொய்ந்துபோகும். 37 வாரத்துக்கு முன்பே உடைவதில் தொற்று, இரத்தப்போக்கு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. (புகை, உடலில் உள்ள வைட்டமின் சி அளவையும் குறைத்துவிடும்.)

அதற்காக மாத்திரைகளை அள்ளிப் போடாதீர்கள். தினம் 100 மி.கி. கொடுத்த மெக்சிகோ ஆய்வில் உடைவது குறைந்தது, 1000 மி.கி.யுடன் வைட்டமின் ஈ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் அதுவே கூடியது. கர்ப்பிணிக்கு அமெரிக்கப் பரிந்துரை 85 மி.கி.தான், உணவிலேயே கிடைத்துவிடும். நீர் கசிவதாகச் சந்தேகம் வந்தால் மாத்திரை உதவாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.